புதிய விண்டோஸுக்கு மாறலாமா? மூன்று கணினிகளுக்கு மூன்று பதில்கள்

2025 அக்டோபர் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தார். "விண்டோஸ் 11-க்கு மாத்திடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவருடைய டெஸ்க்டாப், அம்மாவின் பழைய லேப்டாப், என் லேப்டாப் என்று எங்கள் குடும்பத்தில் மூன்று கணினிகள். மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10தான். ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, யார் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் மூன்றுக்கும் மூன்று வேறு பதில்கள் வந்துவிட்டன. அவை எப்படி வந்தன என்பதைத்தான் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய இயங்குதளத்தில் என்னென்ன வசதிகள் வந்திருக்கின்றன என்று பார்த்து இந்த முடிவை எடுக்க வேண்டாம். நடுவுக்கு நகர்ந்த ஸ்டார்ட் பட்டன், ரைட் கிளிக் செய்தால் சுருக்கமாக வரும் மெனு, ஓரத்தில் வானிலை காட்டும் பலகை எல்லாவற்றுக்கும் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும்? இதை நம்பி நடக்கிற வேலை எது? அந்த வேலை ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மீதி தானாக அமையும்.

தேதியின் கதை

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29 அன்று. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அன்றிரவு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. அதனால்தான் பலர் "எல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறார்கள். நின்றது கண்ணுக்குத் தெரியாத ஒன்று: மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொதுவானது. 11-இல் ஒரு ஓட்டையை அடைக்கத் திருத்தம் வந்தால், அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை திருத்தம் வராத 10-இலும் இருந்தால் அது அப்படியே திறந்து கிடக்கும். ஆகவே பழைய இயங்குதளம் முதல் நாள் இருந்த அதே நிலையில் இருப்பதில்லை. மாதம் ஏற ஏற, வெளியில் தெரிந்துவிட்ட ஓட்டைகளின் எண்ணிக்கைதான் ஏறுகிறது.

வான்னாக்ரை நினைவிருக்கிறதா? 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அந்தப் பணயத் தீநிரல் ஆயிரக்கணக்கான நிறுவனங்களை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பே. ஆதரவு எப்போதோ முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிதான் மாட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் வந்திருந்தது. யாரும் போடவில்லை. ஆக, புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டு அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவரும் ஆதரவு முடிந்ததைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் ஏறக்குறைய ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

"டிஃபெண்டர் இருக்கே, அதுக்கு 2028 வரை அப்டேட் வருமாமே" என்று சித்தப்பா கேட்டார். வருவது உண்மைதான். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டருக்கு விண்டோஸ் 10-இல் வைரஸ் அடையாளங்களும் எட்ஜ் உலாவியும் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்கும் 2028 அக்டோபர் 10 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆனால் வைரஸ் தடுப்பு செய்வது தெரிந்த திருடனின் முகத்தை அடையாளம் காட்டுவதை. உடைந்த தாழ்ப்பாளை அது சரிசெய்யாது. இதை ஒரு கூடுதல் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வருட அவகாசம்

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் முழுதாக மாறுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்ற திட்டம் அது. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருகிறது. புது வசதி எதுவும் வராது, தொழில்நுட்ப உதவியும் கிடையாது. கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுத்தும் பெறலாம். இல்லையென்றால் ஒரே முறை 30 டாலர். ஒரே உரிமத்தை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு. ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று வருடம்.

கட்டணத்தை இப்படி வருடாவருடம் இரட்டிப்பாக்கியிருப்பதே இது தங்குவதற்கான இடமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். அவசரத்தில் பழைய கணினியைத் தூக்கிப் போட்டு, கண்ணில் பட்டதை வாங்கி, பாதி கோப்புகளைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிதானமாக யோசிக்க ஒரு வருடம் கிடைப்பது பெரிய விஷயம். சேர்ந்த அன்றே முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு நினைவூட்டலும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த வருடம் போனதே தெரியாது.

உங்கள் கணினி எந்தப் பக்கம்?

விண்டோஸ் 11-க்கு மாறும் முடிவைப் பல நேரங்களில் நமக்கு முன்னாலேயே வன்பொருள் எடுத்துவிடுகிறது. காகிதத்தில் உள்ள தேவைகள் எளிமையாகத்தான் தெரியும்: 64-பிட் செயலி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் புதிய முறை), செக்யூர் பூட் (துவங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் காவல்), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி). ஆனால் ஆதரவுள்ள செயலிகளின் பட்டியல் என்று இன்னொன்று இருக்கிறது. பெரும்பாலான கணினிகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

இன்டெல் என்றால் சுமாராக 8ஆம் தலைமுறையிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். தலைமுறையைப் பெயரிலேயே படிக்கலாம். ஐ5-7200யூ என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் 7, அதாவது ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யூ எட்டு, இருக்கிறது. ஐ5-10210யூ என்றால் பத்து. ஏஎம்டியில் எல்லை சுமாராக ரைசன் 2000 வரிசையில் தொடங்குகிறது. ஆனால் அங்கே விதிவிலக்குகள் இருப்பதால் பட்டியலைப் பார்த்துவிடுவதுதான் நல்லது. மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் எது தடுக்கிறது என்று நேராகச் சொல்லிவிடும்.

அது "இல்லை" என்று சொன்னதுமே மனம் விட வேண்டாம். காரணம் டிபிஎம் என்றால் பெரும்பாலும் அது இல்லாமல் இல்லை, கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பான பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கினால் போதும். காரணம் செக்யூர் பூட் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே லெகசி என்று இருந்தால், வட்டு பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கோப்புகளை அழிக்காமல் அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். ஆனால் பேக்கப் எடுக்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. காரணம் செயலி என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது, வேகமும் இருக்கிறது, இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் வெளியே நிற்கின்றன. நன்றாக உழைக்கிற ஒரு கணினியை ஒரு பட்டியல் ஒதுக்குவது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தேவைகளைத் தாண்டினாலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 நிறுவப்படும், ஆனால் உலாவியில் ஐந்து தாவலைத் திறந்தால் திணறும். 8 ஜிபி இல்லாமல் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிற கணினி என்றால், இயங்குதளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மேம்படுத்த நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு மாற்றமே போதும்.

என் லேப்டாப்: இருந்த இடத்திலேயே மேம்பாடு

என்னுடையது எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. எல்லாச் சோதனையிலும் தேறியது. இங்கே கேள்வி மாறலாமா என்பது இல்லை, எப்படி மாறுவது என்பதுதான். இரண்டு வழிகள். விண்டோஸ் அப்டேட் வழியாக இருந்த இடத்திலேயே மேம்படுத்தினால் மென்பொருள்கள், கோப்புகள், கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும். பத்து நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் இருந்தே 10-க்குத் திரும்பலாம். ஒரு கட்டளை மூலம் இந்த அவகாசத்தை 60 நாள் வரை நீட்டவும் முடியும். அதை அந்தப் பத்து நாட்களுக்குள்ளேயே செய்துவிட வேண்டும், பழைய கோப்புகள் அழிந்த பிறகு வழியில்லை.

வட்டை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது இன்னொரு வழி. கணினி புதிதுபோல இருக்கும், வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை போய்விடும். ஆனால் ஒவ்வொரு மென்பொருளையும் திரும்பப் போட்டு, ஒவ்வொரு உரிமத்தையும் தேடி எடுத்து, எழுத்துருக்களையும் தட்டச்சு அமைப்பையும் மறுபடி சேர்த்து முடிக்க ஒரு முழு நாள் போகும். புதிதாக நிறுவினால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. நல்ல விஷயம்தான், மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் வரை.

அந்தச் சாவியின் அருமை எனக்கு நேரடியாகத் தெரியும். என் லேப்டாப்பில் வாங்கும்போதே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தது. மேம்பாட்டுக்கு முன்னால் பயாஸைப் புதுப்பிக்கலாம் என்று இறங்கினேன். குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது, நான் நிறுத்தவில்லை. மறுபடி இயங்கியபோது விண்டோஸ் வரவில்லை. நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். கீழே ஒரு சாவி அடையாள எண். போனில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அங்கே இருந்த சாவிகளில் எந்த அடையாள எண் திரையில் உள்ளதோடு பொருந்துகிறது என்று தேடி, 48 எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். லேப்டாப் திறந்துகொண்டது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் மட்டும் நினைவில் இல்லாமல் இருந்திருந்தால், எட்டு வருடப் புகைப்படங்கள் அந்த வட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கும். இப்போது அந்த எண்கள் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு, கணினி இல்லாத வேறொரு இடத்தில் இருக்கின்றன. பயாஸைத் தொடுவதற்கு முன்னால் நீங்களும் அதை எழுதி வையுங்கள். தயவுசெய்து.

அதற்குப் பிறகு மேம்பாடு சுமுகமாக நடந்தது. இரண்டு மணி நேரம், நாலைந்து முறை அணைந்து எழுந்தது. விண்டோஸ் 10-இல் ஓடிய டிரைவர்கள் (இணைத்த கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் 11-இலும் ஓடும் என்பதால் பிரிண்டர், ப்ளூடூத் எதிலும் சிக்கல் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 11-க்குள் வந்த பிறகும் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். ஹோம், ப்ரோ கணினிகளுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆதரவு. இந்தப் பெரிய பதிப்பை முதல் வாரமே போட வேண்டிய அவசியமில்லை. ஒன்றிரண்டு மாதம் பொறுத்துப் போடுவதையே நான் விரும்புகிறேன். குறிப்பிட்ட வன்பொருளில் சிக்கல் வருவது தெரிந்தால் மைக்ரோசாஃப்ட்டே அந்தக் கணினிகளுக்கு அதை நிறுத்தி வைக்கிறது; அப்படி நிறுத்தி வைத்ததை மீறிப் போடாதீர்கள். ஆனால் மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தம் வேறு. அதற்குக் காத்திருப்பு கிடையாது.

அம்மாவின் லேப்டாப்

ஐ3-5005யூ. ஐந்தாம் தலைமுறை. 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். அம்மா அதில் செய்வது மின்னஞ்சல், வீடியோ, பில் கட்டுவது, அப்புறம் தமிழில் எழுதுவது. இந்தக் கடைசி வேலைதான் அவருக்கு முக்கியம்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் தடைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் இருக்கின்றன. ரூஃபஸ் என்ற கருவியில் நிறுவல் பென் டிரைவ் செய்யும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை எடுத்துவிடலாம். ஏறும், ஓடும். மாதத் திருத்தங்களும் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. வருடாந்திரப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். இடையில் ஒரு பதிப்பு கதவை முழுதாகவே மூடலாம். 24எச்2 வந்தபோது பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய செயலிகளில், கோர் 2 காலத்துக் கணினிகளில், அது துவங்கவே இல்லை. தானே நோண்டிப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது நல்ல வழி. பில் கட்டும் அம்மாவின் கணினிக்கு நான் செய்ய மாட்டேன். ஏதாவது நின்றால் சரிசெய்ய நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, கட்டணமில்லை. அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் நெருக்கடி இல்லாமல் ஓடுகிறது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வட்டில் ஒரு பைட்டும் மாறாது. அப்படி ஒரு மதியம் முழுக்க அம்மாவை உட்காரவைத்து, வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் நடந்தது.

பிறகு தமிழ். அம்மா தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவர். லினக்ஸின் தட்டச்சு அமைப்பான ஐபஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ்99 வந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய பழைய கோப்புகளில் பல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் இருந்தன. இலவச ஆவண மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பதுபோலத் தெரிந்தது. "எல்லாம் போச்சா?" என்று அம்மா கேட்டபோது அவர் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்காது. போகவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பைப் பழைய விண்டோஸிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டதும் அத்தனையும் தமிழாகத் திரும்பி வந்தன. பிறகு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அவற்றைத் தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறோம். தமிழில் எழுதுகிற யாராக இருந்தாலும், எந்த இயங்குதளத்துக்கு மாறினாலும், வட்டைத் துடைப்பதற்கு முன்னால் எழுத்துருக் கோப்புறையை முழுதாக நகலெடுத்துவிடுங்கள். பேக்கப் எடுக்கும்போது எல்லோரும் மறப்பது அதைத்தான்.

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. ஃபோட்டோஷாப், கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ், விண்டோஸுக்கு மட்டுமே வரும் கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், ஏமாற்றுத் தடுப்பு உள்ள சில ஆன்லைன் விளையாட்டுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நம்பி உங்கள் வேலையோ பொழுதோ இருந்தால் முதலில் அது ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற கருவி மூலம் சில ஓடும், பல ஓடாது. லிப்ரே ஆபிஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணைகள் நிறைந்த ஆவணத்தில் பக்க அமைப்பு நகரும். வெளியே அனுப்ப வேண்டிய ஆவணம் என்றால் அது தொல்லைதான். அம்மாவுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் யோசித்தோம். எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கிறவர்களுக்கு அது எளிது. கோப்புகளைத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் அம்மாவுக்குச் சரிவரவில்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு மின்ட்டை நிறுவினோம். கழற்றிய ஹார்ட் டிஸ்க் பழைய விண்டோஸோடு அப்படியே அலமாரியில் இருக்கிறது. அதைவிட நிம்மதியான பேக்கப் இல்லை.

சித்தப்பாவின் டெஸ்க்டாப்

இதுதான் மூன்றிலும் கடினம். ஐ5-7400, ஏழாம் தலைமுறை. வேகத்தில் குறையில்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: அதில் இருந்தது பழைய வகையான 32-பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது, 32-பிட்டிலிருந்து நேராக மேம்படுத்தும் வழியும் கிடையாது. "ஏன் சித்தப்பா 32-பிட் போட்டீங்க?" என்று கேட்டேன். மேசையின் மறுபக்கம் கையைக் காட்டினார். பிலிம் ஸ்கேனர்.

குடும்பத்தின் பழைய நெகட்டிவ்களை, தாத்தா காலத்திலிருந்து எடுத்தவற்றை, அவர் ஐந்து வருடமாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறார். அந்த ஸ்கேனருக்கு வந்த கடைசி டிரைவர் 32-பிட். 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருள்கள் ஓடும், ஆனால் 32-பிட் டிரைவர் ஓடவே ஓடாது. லினக்ஸில் சேன் என்ற தொகுப்பு நிறையப் பழைய ஸ்கேனர்களை ஆதரிக்கிறது. ஆசையோடு தேடினோம், இந்த மாடல் அதில் இல்லை. இன்னும் சில நூறு நெகட்டிவ்கள் பாக்கி. அதே டெஸ்க்டாப்பில்தான் அவருடைய வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம்.

ஒரே கணினியில் இரண்டு வேலைகள், இரண்டும் எதிரெதிரானவை. ஸ்கேனர் கேட்பது மாறாத பழைய சூழல். வங்கி வேலை கேட்பது மாதந்தோறும் திருத்தம் வரும் புதிய சூழல். இதைப் பார்த்த பிறகுதான் அவர் கேட்ட ஒற்றை வார்த்தைப் பதில் ஏன் வராது என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. கணினியை மேம்படுத்துவதா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்தச் சிக்கல் தீராது. வேலைகளைப் பிரிக்க வேண்டும்.

முதல் கட்டமாக நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டத்தில் அதைச் சேர்த்தோம். அதுவரை உள்ளூர்க் கணக்கில் இருந்தவர் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது; அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தார். அது கொடுத்த அவகாசத்தில் வங்கி வேலைக்கு இன்னொரு கணினி பார்த்தோம். புதியதுதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, புதுப்பித்து விற்கப்படும் அலுவலகக் கணினி ஒன்று 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் கொண்டதாக இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். கோபைலட் பிளஸ் என்று முத்திரை குத்தி விற்கும், 16 ஜிபி ராமும் தனி ஏஐ செயலியும் கொண்ட கணினிகள் அவருடைய எந்தத் தேவையையும் கூடுதலாகத் தீர்க்கப்போவதில்லை. ஆகவே அதைப் பற்றி நாங்கள் அதிக நேரம் பேசவில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் முடிவுத் தேதியை முன்பே அச்சிட்டுவிடுகிறது. ஆப்பிள் அப்படிச் சொல்வதில்லை. நடைமுறையில் கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட மேக் இருந்தால் நீங்களும் இதே கணக்கைப் போடத் தொடங்க வேண்டிய நேரம்தான்.

எந்த வழியை எடுத்தாலும் பேக்கப் பற்றி ஒன்று. எடுத்தேன் என்பது போதாது, திறந்து பார்த்தேனா என்பதுதான் கேள்வி. சித்தப்பா வெளி வட்டில் எடுத்து வைத்திருந்த பேக்கப்பை வேறொரு கணினியில் சொருகி, வெவ்வேறு வருடங்களிலிருந்து பத்துப் படங்களைத் திறந்தோம். ஒன்பது திறந்தன. பத்தாவது பாதியில் சாம்பல் நிறமாக நின்றது. மூலக் கோப்பு டெஸ்க்டாப்பில் நன்றாக இருந்ததால் தப்பித்தோம். அந்தக் கோப்புறை முழுவதையும் புதிய வட்டுக்கு மறுபடி நகலெடுத்து, இந்த முறை ஒவ்வொரு வருடத்திலிருந்தும் படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் வேறு எதையும் தொட்டோம்.

இப்போது வங்கியும் மின்னஞ்சலும் விண்டோஸ் 11 உள்ள கணினியில் நடக்கின்றன. பழைய டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் கேபிளைச் சித்தப்பா கழற்றிச் சுருட்டி, பின்பக்கம் ஒரு கயிற்றால் கட்டி வைத்துவிட்டார். ஸ்கேன் செய்த படங்களை அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பென் டிரைவில் எடுத்துப் புதியதில் போடுகிறார். சொருகியதும் டிஃபெண்டரில் ஒருமுறை சோதிப்பதை விடுவதில்லை. போன வாரம் ஒரு படம் அனுப்பினார். ஒரு வாசற்படியில் அம்மா, ஐந்து வயது இருக்கும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இன்னும் எண்பது நெகட்டிவ்கள் பாக்கியாம்.